எம்.ஆர்.ஐ. சி.டி.யை வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்ப்பது எப்படி?

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தால் போதும், சொந்தக்காரர்கள் நம்மை எஞ்சினியர் ஆக்கிவிடுவார்கள். கல்யாண வீடியோ சி.டி. ஓடவில்லை என்றாலும் நம்மிடம்தான் வருவார்கள், பரீட்சை ரிசல்ட் பார்க்க வேண்டும் என்றாலும் நம்மிடம்தான். மாப்பிள்ளையூரணியில் என் நிலைமையும் இதுவே. ஆனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கொண்டுவந்து கொடுத்த சி.டி. வேறு வகை.

அத்தானுக்கு உப்பளத்தில் வேலை. பல வருஷம் உப்புச் சுமை தூக்கிய முதுகு. இரண்டு மாதமாக இடுப்பிலிருந்து இடது கால் வரை சுண்டி இழுக்கும் வலி. தூத்துக்குடியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ரிப்போர்ட் திங்கட்கிழமைதான் கிடைக்கும், படங்கள் இந்த சி.டி.யில் இருக்கின்றன என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு, என்ன தெரியுதுன்னு சொல்லு" என்றார் அக்கா.

போட்டேன், பார்த்தேன், பயந்தேன். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்பதைச் சொன்னால் எம்.ஆர்.ஐ. படத்தைப் பற்றி ஒரு பாடமே சொன்ன மாதிரி ஆகும். முதலில் சி.டி.யைத் திறப்போம்.

சி.டி.யைத் திறக்கும் முறை

இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் சி.டி. டிரைவ் இல்லை. யு.எஸ்.பி.யில் செருகும் வெளி டி.வி.டி. டிரைவ் ஒன்று இருந்தால் போதும். சில சென்டர்களில் சி.டி.க்குப் பதில் பென் டிரைவிலோ, டவுன்லோட் செய்துகொள்ளும் ஜிப் பைலாகவோ தருகிறார்கள். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்.

முதல் வேலையாக சி.டி. முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டருக்குக் காப்பி செய்துவிடுங்கள். சி.டி. கீறல் விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது. டாக்டர் ஆறு மாதம் கழித்து "பழைய படத்தைக் கொண்டு வாங்க" என்பார்.

போல்டரைத் திறந்தால் புதியவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். எக்ஸ்டென்ஷன் இல்லாத நூற்றுக்கணக்கான பைல்கள், பெயருக்குப் பதில் வெறும் எண்கள். டபுள் கிளிக் செய்தால் "எந்த புரோகிராமில் திறக்க?" என்று விண்டோஸ் கேட்கும். பெயரின் பின்னால் ஜேபெக் என்று நீங்களாகச் சேர்த்துப் பார்க்காதீர்கள், திறக்காது. இவை டைகாம் பைல்கள். மருத்துவப் படங்கள் எந்த கம்பெனி மெஷினில் எடுத்தாலும் எந்த கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும் என்பதற்காக 1985-இல் தொடங்கி, 1993-இல் இந்தப் பெயரைப் பெற்ற பொது விதிமுறை இது.

சி.டி.யிலேயே ஒரு வியூவர் புரோகிராம் இருக்கும். ஆன்டி வைரஸால் ஒருமுறை சோதித்துவிட்டு அதை ஓட்டலாம். அது ஓடவில்லை என்றால் மைக்ரோடைகாம் அல்லது வீசிஸ் இன்ஸ்டால் செய்யுங்கள். வீட்டு உபயோகத்துக்கு இரண்டும் இலவசம். வியூவரில் பைல் மெனு வழியாக அந்த போல்டரை முழுவதுமாகத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பைலாகத் திறந்தால் ஒவ்வொரு 'ஸ்லைஸ்' மட்டும்தான் தெரியும். இடது பக்கம் நான்கைந்து சிறு படங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் ஒரு 'சீரீஸ்', அதாவது ஒரே அமைப்பில் எடுத்த ஸ்லைஸ்களின் கட்டு. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ரொட்டித் துண்டுகளைப் புரட்டுவது போல் ஒன்றன்பின் ஒன்றாக நகரும்.

ஒரு எச்சரிக்கை. மவுஸ் பட்டனை அழுத்தியபடி படத்தின் மேல் இழுத்தால் வெளிச்சம் மாறும். டைகாம் படத்தில் 4,096 வரை சாம்பல் நிறப் படிகள் இருக்கலாம். நாம் சாதாரணமாகப் பார்க்கும் ஜேபெக் படத்தில் 256 தான். எந்தப் பகுதியை வெள்ளையாகக் காட்டுவது, எதைக் கறுப்பாகக் காட்டுவது என்பது நம் கையில் இருக்கிறது. கை தவறி இழுத்தால் சாதாரண எலும்பும் பளீரென்று மின்னும். நான் செய்தது இதுவல்ல என்றாலும், இப்படியும் பயப்படலாம்.

நான் பார்த்தது

பக்கவாட்டில் வெட்டியது போன்ற முதுகெலும்புப் படம். செங்கல் அடுக்கிய மாதிரி எலும்புகள், நடுநடுவே சவ்வுத் தட்டுகள். அதில் கீழிருந்து மூன்றாவது எலும்பின் நடுவில், பட்டாணி அளவுக்கு, வெள்ளையாக ஒரு வட்டம். மற்ற எலும்புகளில் அது இல்லை.

அக்காவிடம் "ஒண்ணும் தெரியலக்கா, டாக்டர்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு தூக்கம் இல்லை. அத்தானுக்கு 46 வயது, பெரியவள் பிளஸ் டூ. எலும்பில் கட்டி என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மூலையில் இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டி.ஆர். 3500, டி.இ. 102. இவை என்ன என்று தேடிப் படித்ததில்தான் கீழே உள்ள கதை கிடைத்தது.

படகுகள் திரும்பும் கணக்கு

எம்.ஆர்.ஐ. மெஷினில் எக்ஸ்ரே கிடையாது. பெரிய காந்தமும் ரேடியோ அலையும்தான். 1.5 டெஸ்லா காந்தம் என்றால் நம் பக்கத்துப் பூமியின் காந்தப் புலத்தைப் போல் முப்பத்தைந்தாயிரம் மடங்குக்கு மேல். (பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. அதை அளக்கவே திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஒரு ஆய்வுக்கூடம் இருக்கிறது.) உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இந்தக் காந்தத்துக்குள் பம்பரம் போல் தலையாட்டும். 1.5 டெஸ்லாவில் விநாடிக்கு ஏறக்குறைய 6.4 கோடி முறை. அதே வேகத்தில் ஒரு ரேடியோ துடிப்பைக் கொடுத்தால் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடத் தொடங்கி, திரும்ப நமக்கு ஒரு ரேடியோ சிக்னலைத் தரும்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சிக்னல் சட்டென்று மங்கிவிடும். காந்தப் புலம் எல்லா இடத்திலும் துல்லியமாக ஒரே அளவு இருப்பதில்லை. ஒரு கரு கொஞ்சம் வேகமாகவும் இன்னொன்று கொஞ்சம் மெதுவாகவும் ஆட, தாளம் கலைந்துவிடும்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் அதிகாலையில் விசைப்படகுகள் கிளம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது எல்லாம் ஒரே வரிசை. அரை மணி நேரத்தில் வேகமான படகு தூரத்தில், மெதுவானது பின்னால் என்று சிதறிவிடும். அந்த நேரத்தில் வயர்லெஸ்ஸில் "எல்லோரும் அப்படியே திரும்புங்கள்" என்று ஒரே கட்டளை வந்தால்? தூரம் போன படகுக்குத் திரும்பும் தூரமும் அதிகம், ஆனால் அதன் வேகமும் அதிகம். பின்தங்கியதற்குத் தூரம் குறைவு. எல்லாப் படகும் ஒரே நேரத்தில், மறுபடி ஒரே வரிசையாக, துறைமுக வாயிலுக்கு வந்து சேரும்.

இந்தத் திரும்பும் கட்டளைதான் இரண்டாவது ரேடியோ துடிப்பு. மறுபடி ஒன்றுசேரும்போது கிடைக்கும் சிக்னல்தான் 'ஸ்பின் எக்கோ', அதாவது எதிரொலி. 1950-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எர்வின் ஹான் இதை வெளியிட்டார். அவர் தேடிப் போனதே இது அல்ல, எதிர்பாராத சிக்னலாகத் திரையில் வந்து நின்றது. பம்பரத்தை நேர் எதிராக, 180 டிகிரி புரட்டும் துடிப்பைப் பயன்படுத்தும் முறையை 1954-இல் காரும் பர்செல்லும் தந்தார்கள். நம் நாட்டிலும் அந்தக் காலத்தில் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. ஓடும் திரவத்தில் இந்தச் சிக்னல் எப்படி மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூரியன் 1951-இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்.

இப்போது மூலை எண்கள் புரியும். முதல் துடிப்பிலிருந்து எதிரொலி வரும் வரை ஆகும் நேரம் டி.இ. ஒரு முதல் துடிப்புக்கும் அடுத்த முதல் துடிப்புக்கும் இடையே உள்ள நேரம் டி.ஆர். இரண்டும் மில்லி விநாடியில்.

டி.ஆர். 500, டி.இ. 10 என்பது போல் இரண்டும் குறைவாக இருந்தால் அது 'டி1' படம். அதில் கொழுப்பு வெள்ளை, தண்ணீர் கறுப்பு. டி.ஆர். 3500, டி.இ. 100 என்பது போல் இரண்டும் அதிகமாக இருந்தால் 'டி2' படம். அதில் தண்ணீர் வெள்ளை. எண் தெரியாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். முதுகுத் தண்டைச் சுற்றியிருக்கும் நீர் வெள்ளையாகத் தெரிந்தால் டி2, கறுப்பாகத் தெரிந்தால் டி1.

37 நிமிடம் எப்படி 2 நிமிடம் ஆனது?

எம்.ஆர்.ஐ. மெஷின் கேமரா போல் ஒரே 'கிளிக்'கில் படம் எடுப்பதில்லை. வரி வரியாகத் தகவலைச் சேகரிக்கும். 320 வரி உள்ள படம் என்றால் 320 எதிரொலிகள் வேண்டும். அவற்றை 'கே-ஸ்பேஸ்' என்னும் கட்டத்தில் நிரப்பி, பூரியர் கணக்கு போட்டு கம்ப்யூட்டர் படமாக மாற்றும். இந்த வழியை 1975-இல் சொன்னவர் ரிச்சர்ட் எர்ன்ஸ்ட். அதற்கு முன் 1973-இல் லாட்டர்பர் எடுத்த முதல் படம் பல கோணங்களில் இருந்து எடுத்த நிழல்களைச் சேர்த்து உருவானது. அப்படி நிழல்களிலிருந்து படம் கட்டும் கணக்குக்கு, 1971-இல் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் ஒரு சுருக்குவழி கொடுத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பெயர் பெற்ற அதே ராமச்சந்திரன்தான். சி.டி. ஸ்கேன் துறையில் இன்றும் 'ராம்-லாக் ஃபில்டர்' என்று இருவர் பெயரும் வழங்குகிறது.

பழைய ஸ்பின் எக்கோவில் ஒரு டி.ஆர்.க்கு ஒரு வரிதான் கிடைக்கும். கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். டி.ஆர். 3.5 விநாடி, 320 வரி, தெளிவுக்காக எல்லாவற்றையும் 2 முறை எடுக்கிறார்கள். 3.5 பெருக்கல் 320 பெருக்கல் 2, விடை 2,240 விநாடி. அதாவது 37 நிமிடம் 20 விநாடி. இது ஒரே ஒரு சீரீஸுக்கு! (அந்த ஒரு டி.ஆர். இடைவெளியில் மற்ற ஸ்லைஸ்களையும் எடுத்துவிடுவதால் எல்லா ஸ்லைஸுக்கும் சேர்த்து இந்த நேரம்.) 1977-இல் டமாடியன் குழு எடுத்த முதல் மனித உடல் படத்துக்கு 4 மணி 45 நிமிடம் ஆனது என்பதை நினைத்தால் இது பரவாயில்லை. ஆனால் காலில் சுண்டி இழுக்கும் வலியோடு படுத்திருக்கிறவருக்கு?

ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் யூர்கன் ஹென்னிக் குழு 1986-இல் ஒரு வழி சொன்னது. படகுக் கணக்குக்கே வருவோம். துறைமுக வாயிலில் ஒன்றுசேர்ந்த படகுகள் அதே வேகத்தில் வாயிலைத் தாண்டி மறுபக்கம் போய் மறுபடி சிதறும். மறுபடி திரும்பச் சொன்னால் மறுபடி ஒன்றுசேரும். இரண்டாவது எதிரொலி. இப்படியே மூன்றாவது, நான்காவது. பல எதிரொலி எடுப்பது 1954 முதலே தெரிந்த விஷயம்தான். ஹென்னிக் சேர்த்த யோசனை, ஒவ்வொரு எதிரொலியையும் கே-ஸ்பேஸில் வெவ்வேறு வரிக்குப் பயன்படுத்துவது. ஒரு டி.ஆர்.க்கு 16 எதிரொலி எடுத்தால் 16 வரி. 2,240-ஐ 16-ஆல் வகுங்கள். 140 விநாடி, அதாவது 2 நிமிடம் 20 விநாடி.

இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரேர்'. ஆனால் உங்கள் சி.டி.யில் அந்தப் பெயரைத் தேடாதீர்கள். சீமென்ஸும் பிலிப்ஸும் 'டர்போ ஸ்பின் எக்கோ', டி.எஸ்.இ. என்று எழுதுவார்கள். ஜி.இ. மெஷினில் 'ஃபாஸ்ட் ஸ்பின் எக்கோ', எஃப்.எஸ்.இ. எல்லாம் ஒன்றே. எத்தனை எதிரொலி என்ற எண்ணுக்கு 'எக்கோ டிரெய்ன் லெங்த்' என்று பெயர், சுருக்கமாக இ.டி.எல். சிலர் டர்போ ஃபேக்டர் என்பார்கள். இந்தியாவுக்கு முதல் எம்.ஆர்.ஐ. மெஷின் டெல்லி இன்மாஸ் நிறுவனத்துக்கு வந்ததும் அதே 1986-இல்தான்.

வேகம் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சில படகுகள் எஞ்சின் மக்கர் செய்து, காற்றில் அலைக்கழிந்து, நேரத்துக்கு வராமல் போகும். கடைசி எதிரொலிகள் மெலிந்துதான் வரும். கே-ஸ்பேஸின் நடு வரிகள் படத்தின் கறுப்பு வெள்ளையைத் தீர்மானிக்கின்றன, ஓர வரிகள் நுணுக்கமான விளிம்புகளைத் தருகின்றன. நடு வரியில் எந்த எதிரொலி விழுகிறதோ அதன் நேரத்தைத்தான் டி.இ. என்று மூலையில் காட்டுகிறார்கள். மெலிந்த எதிரொலிகள் ஓர வரிகளில் விழுந்தால் விளிம்புகள் மங்கலாகும், ஜேபெக் படத்தை அதிகமாக அமுக்கிவிட்டது போல. அதனால் இ.டி.எல். எண்ணை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. தவிர, அத்தனை 180 டிகிரி துடிப்புகளும் உடம்பில் கொஞ்சம் சூட்டை ஏற்றும். 3 டெஸ்லா மெஷினில் இது 1.5 டெஸ்லாவைப் போல் நான்கு மடங்கு. மெஷினே ஒரு அளவுக்கு மேல் அனுமதிக்காது.

அத்தானுக்கு முதல் முறை எடுத்த டி2 சீரீஸ் வீணாகிவிட்டதாம். நடுவில் காலை மடக்கிவிட்டார். டெக்னீஷியன் ஐந்து நிமிடம் எழுந்து உட்காரச் சொல்லி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, திரும்ப எடுத்திருக்கிறார். இரண்டரை நிமிடம் அசையாமல் கிடக்க அத்தானால் முடிந்தது. பழைய முறை என்றால் அந்த மனிதர் ஸ்கேனே எடுத்திருக்க முடியாது.

வெள்ளை வட்டம் என்ன ஆயிற்று?

இந்த வேகத்துக்கு இன்னொரு விலை உண்டு, நான் மாட்டியது அதில்தான். புத்தகங்களில் 'டி2 படத்தில் தண்ணீர் வெள்ளை' என்று படித்ததும், எலும்புக்குள் வெள்ளை என்றால் நீர் கோத்திருக்கிறது, கெட்ட கட்டி என்று நான் முடிச்சுப் போட்டுவிட்டேன். பழைய ஸ்பின் எக்கோ டி2-இல் கொழுப்பு ஓரளவு மங்கிவிடும். டர்போ முறையில் மங்காது. கொழுப்பு மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன்கள் கயிற்றால் கட்டிய ஜோடிப் படகுகள் போல ஒன்றையொன்று இழுத்துத் தாளத்தைக் கெடுக்கும். திரும்பும் கட்டளை அடுத்தடுத்து விரைவாக வந்தால் அந்த இழுப்பு வேலை செய்ய நேரம் கிடைப்பதில்லை. அதனால் டர்போ டி2 படத்தில் தண்ணீரும் வெள்ளை, கொழுப்பும் வெள்ளை.

திங்கட்கிழமை டாக்டர் செய்தது மூன்றே கிளிக். நான் பார்த்த டி2 படம், பக்கத்தில் டி1 படம், அதற்குப் பக்கத்தில் 'ஸ்டிர்' என்ற மூன்றாவது சீரீஸ். ஸ்டிர் என்பது கொழுப்பின் சிக்னலை மட்டும் அணைத்துவிட்டு எடுக்கும் படம். அந்த வட்டம் டி2-இல் வெள்ளை, டி1-லும் வெள்ளை, ஸ்டிரில் காணோம். "கொழுப்புத் திட்டு. நிறையப் பேருக்கு இருக்கும், விடுங்க" என்றார். வலிக்குக் காரணம் நான் கவனிக்கவே இல்லாத இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே நான்காவது, ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவில் சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஆபரேஷன் இப்போது வேண்டாம், பிசியோதெரபி, சுமை தூக்கக் கூடாது. சுமை தூக்காமல் உப்பளத்தில் என்ன வேலை கிடைக்கும் என்று அக்கா கேட்டதற்கு டாக்டரிடம் பதில் இல்லை. இப்போது அத்தான் பாத்தியில் தண்ணீர் பாய்ச்சும் வேலைக்கு மாறியிருக்கிறார். கூலி குறைவு.

ஆகவே சி.டி.யைத் திறந்து பாருங்கள், ஆனால் ஒரே சீரீஸைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

இன்னொன்று. டைகாம் பைலுக்குள் நோயாளியின் பெயர், வயது, தேதி எல்லாம் பதிந்திருக்கும். வெளியூர் டாக்டருக்கு ஸ்கிரீனை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் பயனில்லை, நுணுக்கம் எல்லாம் போய்விடும். பைல்களை ஜிப் செய்து அவருக்கு மட்டும் அனுப்புங்கள். வேறு யாருக்காவது காட்டுவதென்றால் வியூவரில் பெயரை நீக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

நீங்களே கணக்குப் போடலாம்

வியூவரில் 'டைகாம் டேக்ஸ்' என்ற பட்டியலைத் திறந்தால் எண்களாலான வரிசை வரும். 0018, 0080 என்ற இடத்தில் டி.ஆர். இருக்கும். 0018, 0081 டி.இ. 0018, 0083 எத்தனை முறை எடுத்தார்கள் என்பது. 0018, 0089 வரிகளின் எண்ணிக்கை. 0018, 0091 இ.டி.எல். வரிகளை இ.டி.எல்.-ஆல் வகுத்து, டி.ஆர்.-ஆலும் எத்தனை முறை என்பதாலும் பெருக்கி, 60,000-ஆல் வகுத்தால் நிமிடம் கிடைக்கும்.

சில சீரீஸ்களில் உங்கள் விடை, ஸ்கேன் அறையில் ஆன நேரத்தைவிட இரண்டு மடங்கு அதிகமாக வரலாம். கணக்கு தப்பில்லை. 1999 முதல் 'சென்ஸ்' போன்ற முறைகள் வந்துவிட்டன. உடம்பைச் சுற்றி வைக்கும் பல காயில்கள் ஒவ்வொன்றும் தன் பக்கத்துச் சிக்னலைத் தனியாகக் கேட்பதால், பாதி வரிகளை எடுக்காமல் விட்டுவிட்டு மீதியைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அண்மை ஆண்டுகளில் வந்த மெஷின்களில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இதைவிட அதிக வரிகளை விடுகிறார்கள். அத்தானின் சி.டி.யில் குறுக்குவெட்டு டி2 சீரீஸுக்கு என் கணக்கு 4 நிமிடம் 10 விநாடி என்றது. வாசலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கணக்கில் ஒவ்வொரு சத்தமும் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான்.